காம்போடு போட்ட தொட்டி

பிப்ரவரி 5, திங்கள்

என் பெயர் சந்தியாகு. வயது எழுபத்திரண்டு. கம்பம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மடத்தின் ரசக்கூடத்துக்கு நாற்பத்தேழு வருடமாக நான்தான் மேஸ்திரி. மறைமாவட்டக் கோவில்களின் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம் இங்கிருந்துதான் போகிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஹென்றி சாமி ஒரு சட்டம் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டு, பார்த்தது, மோந்தது, ருசித்தது எல்லாம் தினப்படி அதில் ஏற வேண்டும். அதனால் நான் சொல்லச் சொல்ல சலேத்மேரி டீச்சர் எழுதுகிறார். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கசங்கலாகப் பேசினாலும் அவர் இஸ்திரி போட்டுத்தான் நோட்டில் வைக்கிறார். வாசித்துக் காட்டினால் யாரோ பெரிய மனிதர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இந்த நோட்டு இரண்டாம் தொட்டிக்கு உரியது. அது என் தொட்டி. எப்படி என் தொட்டியானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹென்றி சாமி வெளிநாட்டில் ஒரு வருடம் ரசம் படித்துவிட்டு வந்தவர். காம்பைப் பிரிக்கிற மிஷின் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். குலையை மேலே போட்டால் பழம் ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் விழும். போன வாரம் எல்லார் முன்னாலும் அதை ஓட்டிக் காட்டினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சாமி, எண்பத்தி மூணுல குலையக் காம்போடதான் தொட்டியில போட்டோம். மத்த வருசத்து ரசமெல்லாம் ஒரு கோடைக்கே தொங்கிப்போகும். அந்த வருசத்து ரசம் மூணு கோடை நின்னுச்சு" என்றேன்.

"எங்க எழுதியிருக்கு மேஸ்திரி?"

"எழுதல. எனக்குத் தெரியும். எந்த வருசம் எந்தப் பந்தல்ல எத்தன கூடை எறங்குச்சுன்னு கேளுங்க, சொல்றேன். என் ஞாபகம் பெசகுனதே இல்ல."

"சரி, ஒரு தொட்டி உங்களுக்கு. கெட்டுப்போனா?"

"சாவியக் குடுத்துட்டுத் திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போயிர்றேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மகன் நல்லவன்தான். மூன்றாவது மாடியில் இருக்கிறான். அங்கே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பன்னீர்த் திராட்சை அறுத்து வந்தது. பாதி ஒன்றாம் தொட்டிக்கு, மிஷின் வழியாக, வெறும் பழமாக. பாதி எனக்கு, முழுக் குலையாக. நானும் செபஸ்தியும் கால் கழுவி இறங்கி, மூன்றில் ஒரு பங்கை மிதித்தோம். மிச்சத்தை அப்படியே விட்டோம். செபஸ்திக்கு ஐம்பது வயது. வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"மேஸ்திரி, மெதுவா. ஒங்க கால் ருசி எறங்கிறப் போகுது. பிஷப் குடிக்கிறது."

முக்கால்வாசிக் குலைகள் காம்பு பச்சைப் பசேலென்று பார்க்க அழகாக இருந்தன. டீச்சர் ஒரு குலையை எடுத்துக் காம்பைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மேஸ்திரி, இந்தக் காம்பு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க எழுதுங்க டீச்சர், ருசியெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

(இதையும் எழுதவா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். — சலேத்மேரி)

பிப்ரவரி 7, புதன்

ஒன்றுமில்லை. மூடி வைத்திருக்கிறது. இரண்டு முறை திறந்து பார்த்தேன். ஐந்து முறை என்று டீச்சர் சொல்கிறார்.

பிப்ரவரி 8, வியாழன்

பொங்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றாம் தொட்டியில் தோலெல்லாம் மேலே எழும்பி மெத்தை மாதிரி இறுகி நிற்கிறது. கீழே சூடு அடைந்துகொண்டு, முழங்கையை விட்டால் சுடுகிறது. ஹென்றி சாமி தொட்டியைச் சுற்றி ஐஸ் பாளம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

என் தொட்டியில் முழங்கை சுடவில்லை. குலைக்கு நடுவே காம்பு இருப்பதால் இடைவெளி இருக்கிறது. சாறு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுகிறது, சூடு வெளியே போகிறது, பொங்குவதும் நிதானமாகப் பொங்குகிறது. மெத்தையை அமுக்கினால் ஒரே அமுக்கில் இறங்குகிறது. சாமி சூடு பார்க்கிற கருவியை விட்டுப் பார்த்தார். அங்கே முப்பத்தெட்டு டிகிரி, இங்கே முப்பத்திரண்டு.

"பரவாயில்லையே மேஸ்திரி" என்றார். அதை இரண்டு தடவை எழுதச் சொன்னேன். டீச்சர் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 9, வெள்ளி

முகச்சவரம் செய்துகொண்டேன். தொட்டியில் முடி விழக்கூடாது அல்லவா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். வேறு சட்டை காயவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். டீச்சர் இங்கே வேலை செய்கிற ஆம்பிளைகள் எல்லாரையும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். செபஸ்தி அவரைவிடப் பத்து வயது சின்னவன், அவனும் அண்ணன். என்னை மட்டும் "மேஸ்திரி" என்கிறார். ஏன் என்று கேட்டேன்.

(பேனாவில் மை தீர்ந்துவிட்டது. — ச.)

பிப்ரவரி 10, சனி

கசப்பு.

காலையில் ஒரு கரண்டி மோந்து வாயில் வைத்தேன். பாகற்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு சுருண்டது. வாசமும் சரியில்லை. பன்னீர்த் திராட்சைக்கு ரோஜா வாசம் வர வேண்டும். இதில் அறுத்துப் போட்ட புடலங்கொடி வாசம். ஒருவேளை வெற்றிலை போட்ட வாயோ என்று கொப்பளித்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே கசப்பு.

ஹென்றி சாமி ருசித்துவிட்டு வாளியில் துப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"திங்கக்கெழம வரைக்கும் பாப்போம் மேஸ்திரி. இப்பிடியே இருந்தா ஊத்திர வேண்டியதுதான். பூசைக்கு இத அனுப்ப முடியாது."

எண்பத்து மூன்றில் இப்படி இல்லை. இல்லவே இல்லை. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வார்த்தை மாற்றினாலும் கைநாட்டு வைக்க மாட்டேன்.

பூசை முடிந்ததும் டீச்சர் ரசக்கூடத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நோட்டு வேலை கிடையாது. தூக்குவாளியில் சுக்குக் காப்பி. எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எண்பத்தி மூணுல என்னைக்குப் பழம் அறுத்தாக, சொல்லுங்க பாப்போம்."

"மாசிக் கடைசி. வெள்ளிக்கிழம மிதிச்சோம். கோவில் மணி வெடிச்ச வருசம்."

"மிதிச்ச நாளு சரி. நான் அறுத்த நாளக் கேக்குறேன்."

அறுத்த நாள் எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அது எனக்கே தெரிந்தது. எனக்கு அந்த வருடம் அம்மை போட்டிருந்தது. இருபது நாள் வேப்பிலையில் கிடந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு நான் எழுந்து வந்தது மிதிக்கிற அன்றைக்குத்தான்.

"ஒங்களுக்கு மட்டுமா போட்டுச்சு? தெருவுல பாதிப் பேருக்குப் போட்டுச்சு. பதினெட்டு நாளு பந்தலுக்குள்ள ஒரு ஆள் போகல. அம்புட்டு நாளும் பழம் கொடியிலயே தொங்குச்சு. நாங்க போயி அறுக்குறப்ப காம்பெல்லாம் சுள்ளி மாதிரி காஞ்சு பழுப்பா இருந்துச்சு. இப்ப நீங்க போட்டது பச்சக் காம்பு. பச்சக் காம்பு கசக்காம என்ன செய்யும்?"

நான் விடவில்லை. "எல்லாமா காஞ்சிருக்கும்? பந்தல் நெழல்ல இருந்த குலை?"

"அதுதான் சொல்ல வர்றேன். எல்லாம் காயல. பழமோ கொட்டுது, தேய்க்கிறதுக்குக் கம்பி வலை ஒண்ணுதான் கெடக்கு, அறுக்க வந்த பொம்பளைக எட்டே பேரு. என்ன செஞ்சோம்? ஒவ்வொரு குலையையும் காம்பக் கடிச்சுப் பாத்தோம். கசந்தா வலைக்கு, தேச்சுப் பழத்த மட்டும் எடுத்துக்கிறது. கசக்கலைன்னா முழுசா தொட்டிக்கு. சாயங்காலம் எட்டுப் பேருக்கும் நாக்கு மரத்துப்போச்சு. நீங்க வந்தப்ப தொட்டியில குலை கெடக்குறதப் பாத்தீக. வலையில போனத நீங்க பாக்கல."

நாற்பத்தோரு வருடமாக நான் சொல்லி வந்த கதை பாதிக் கதை.

"இம்புட்டும் ஒங்களுக்கு யாரு சொன்னா டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"யாரு சொல்லணும்? அந்த எட்டுப் பேர்ல நானும் ஒருத்தி. எனக்குப் பத்தொம்பது வயசு. கூடையக் கொண்டாந்து ஒங்க காலடியில கொட்டுனேன். 'ஏ புள்ள, தள்ளிக் கொட்டு, காலு நசுங்கிரும்'னீக. வெடிச்ச கோவில் மணி ஞாபகம் இருக்கு. எறக்குன கூடை ஞாபகம் இருக்கு. கொட்டுன ஆளு மட்டும் ஞாபகம் இல்லியாக்கும்!"

கண்ணை மூடி எவ்வளவோ யோசித்தேன். தொட்டி தெரிகிறது. குலை தெரிகிறது. கூடையில் ஒரு காது பிய்ந்து கயிறு கட்டியிருந்தது தெரிகிறது. அதற்கு மேல் ஒரு கையும் முகமும் இருந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"செவ்வாக்கெழம சொல்ல வந்தேன். ருசியெல்லாம் நான் பாத்துக்கிறேன்னுட்டீக."

இந்த நோட்டில் அது இருக்கிறது. ஆகவே, என் ஞாபகம் பிசகியது என்று எழுதிக்கொள்ளவும்.

(எழுதிக்கொண்டேன். — ச.)

பிப்ரவரி 12, திங்கள்

ஹென்றி சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பொங்கப் பொங்கத்தான் சாராயம் ஏறும். ஏற ஏறக் காம்புல இருக்க கசப்பும் ரசத்துக்குள்ள எறங்கும். இன்னும் பாதிகூட ஆகல. இப்பவே பச்சைக் காம்ப எடுத்துட்டா தப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா எல்லாம் சாயம் ஏறிக் கெடக்கே, எது பச்சை, எது பழுப்புன்னு எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எல்லாக் காம்பும் ஊதாவாக இருந்தது. நானும் சாமியும் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தோம். டீச்சர் ஒன்றை எடுத்து வளைத்தார். வளைந்தது. இன்னொன்றை எடுத்து வளைத்தார். பட்டென்று ஒடிந்தது.

"வளையிறது பச்சை, ஒடியிறது முத்துனது. கடிக்கவே வேண்டாம்" என்றார்.

ஓட்டை வாளியால் மெத்தையை மோந்து மோந்து பலகையில் கொட்டினோம். நான், டீச்சர், செபஸ்தி. பிறகு சாமியும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வளைகிறது வெளியே, ஒடிகிறது உள்ளே. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று மணிக்கு எழுந்தோம். பத்துக்கு ஏழு வெளியே போயிற்று. மூன்று பங்கு உள்ளே தங்கியது.

நடுவில் செபஸ்தி, "இந்த மிஷின வாங்க சாமி கப்பல் ஏறிப் போனாரு. டீச்சர் ரெண்டு வெரல வச்சு வேலைய முடிச்சிருச்சு" என்றான். சாமிதான் முதலில் சிரித்தார்.

டீச்சருடைய விரலெல்லாம் ஊதா. எலுமிச்சம்பழத்தோல் போட்டுத் தேய்த்தால் போகும் என்று இரண்டு பழம் பறித்துக் கொடுத்தேன். வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுப்பதுதான்.

(செபஸ்தி அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. — ச.)

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

தவக்காலம் தொடங்குகிறது. ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. ருசி பார்க்கலாமா என்று சாமியிடம் கேட்டேன். வேலைதானே, பாருங்கள், விழுங்காதீர்கள் என்றார். பார்த்தேன். கசப்பு கொஞ்சம் பின்னால் போயிருக்கிறது. விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

இரண்டு தொட்டியையும் வடித்துப் பிழிந்து பீப்பாயில் ஏற்றினோம். கண்ணாடிக் குவளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றாம் தொட்டி கருஞ்சிவப்பு. என்னுடையது ஒரு சாயம் வெளுப்பு. "நிறம் கம்மியாயிருச்சே" என்று சாமிக்குக் கவலை. பிழிந்து போட்ட காம்பை எடுத்து அவரிடம் காட்டினேன். அந்த நிறத்தைக் காம்பு குடித்திருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருக்கிற சாமான் உலகத்தில் கிடையாது. கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் கொடுக்கும்.

இப்போதைக்கு ருசி முரடாக இருக்கிறது. நாக்கைப் பிடித்து இழுக்கிறது. ஒன்றாம் தொட்டி இன்றைக்கே இனிமையாக, குடிக்க இதமாக இருக்கிறது. போட்டி இன்றைக்கு என்றால் நான் தோற்றேன். கோடை வெயிலில் நிறுத்தி வைத்து, மே மாதம் ஆயர் இல்லத்திலிருந்து பெரிய சாமி வந்து இரண்டையும் ருசித்துச் சொல்வார். அதுவரை சாவி என்னிடம்.

மார்ச் 9, சனி

திருப்பூரிலிருந்து மகன் போன் செய்தான். எனக்காக ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறானாம். ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டேன். எதிர் வீட்டு ஜன்னல் தெரியுமாம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. பீப்பாய் மேல் ஈரச் சாக்கு போட்டிருக்கிறோம். இன்றைக்கு இரண்டிலும் ஒரு குவளை எடுத்தேன். ஒன்றாம் தொட்டி ரசத்தின் ஓரத்தில் செங்கல் நிறம் தட்ட ஆரம்பித்திருக்கிறது. ருசி வாய்க்குள் நுழைந்ததும் படுத்துக்கொள்கிறது. வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி.

என்னுடையதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். என் வாய்க்கு ஆசை வந்துவிட்டது, அதை நம்ப முடியாது. டீச்சரிடம் குவளையைக் கொடுத்தேன். அவர் நாற்பது நாள் ஒருசந்தி முடித்து முதல் தடவையாக வாயில் வைக்கிறார். வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

"மேல ஏலக்காத் தோட்டத்துல கட்டங்காப்பிக்குப் பதிலா பால் ஊத்தாத தேயிலத் தண்ணி குடுப்பாகல்ல, அது தொண்டையில நிக்குமே, அப்பிடி நிக்குது. அதுக்கு அங்கிட்டு ரோஜா. கடைசியில நல்ல மொளகு ஒண்ணு."

"நல்லா இருக்கா, நல்லா இல்லியா?"

"ஒங்களுக்குத் திருப்பூர் டிக்கெட்டு எடுக்க வேண்டாம்னு தோணுது."

எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் இவருக்கு என்ன என்று கேட்டேன். ஆள் இல்லாத கூடத்தில் உட்கார்ந்து யார் சொல்வதை எழுதுவது என்று கேட்டார். நோட்டைப் பற்றித்தான் சொன்னார்.

மே 18, சனி

பெரிய சாமி வந்தார். எழுபத்தெட்டு வயது. மறைமாவட்டம் முழுவதற்கும் ரசம் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். இரண்டு குவளையிலும் பெயர் இல்லை. எது எது என்று ஹென்றி சாமிக்கு மட்டும் தெரியும். நான் கதவோரம் நின்றேன். சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தேன். கேட்டால் உடனே கொடுத்துவிடலாம் என்று.

முதல் குவளையை ருசித்தார். "நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்து, "இது வெளுப்பா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். பக்கத்தில் நின்ற டீச்சர் என் சட்டையின் கைமடிப்பைப் பிடித்துக்கொண்டார்.

(அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவாரோ என்றுதான். — ச.)

பெரிய சாமி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய். துப்புவதற்கு வைத்திருந்த வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, குவளையைக் காலி செய்தார்.

"ஹென்றி, இது எந்த ஊர் ரசம்?"

"இங்கதான் சாமி. காம்போட போட்டது."

"நம்ம பன்னீர்த் திராட்சையிலயா? அது சக்கரத் தண்ணியால்ல இருக்கும். இதுக்கு முதுகெலும்பு இருக்கே. யாரு செஞ்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பத்தேழு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நோட்டு டீச்சர் கையில் இருக்கிறது, பிப்ரவரி பதினொன்று அதில் இருக்கிறது.

"காம்போட போடணும்னு சொன்னது நான் சாமி. எந்தக் காம்புன்னு சொன்னது இவுக. நான் மட்டும் செஞ்சிருந்தா நீங்க இன்னைக்குப் பாகற்காக் கொழம்பு குடிச்சிருப்பீக."

ஹென்றி சாமி வந்து என் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கினார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, என் இடுப்பு வாரில் அவரே மாட்டிவிட்டார். "அடுத்த வருசம் ரெண்டு தொட்டியும் இப்படித்தான். அறுப்ப பத்து நாள் தள்ளிப் போடுறோம். ஒடிஞ்சா உள்ள, வளைஞ்சா மிஷினுக்கு" என்றார். மிஷினைப் பார்த்து செபஸ்தி ஒரு கும்பிடு போட்டான்.

மே 19, ஞாயிறு

மகனுக்குப் போன் செய்து, கட்டிலை எடுத்துவிடச் சொன்னேன். "யாருப்பா ஒங்களப் பாத்துக்கிருவா?" என்றான். அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் டீச்சரை உட்காரச் சொன்னேன். இன்றைக்கு ஞாயிறு, நோட்டு கிடையாது என்றார். இது நோட்டு விஷயம்தான், ஒரு கேள்வி இருக்கிறது, இஸ்திரி போடாமல் நான் சொல்கிற மாதிரியே எழுத வேண்டும் என்றேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் கேட்டேன்.

(கேள்வியை எழுதவில்லை. பதில் சொல்லிவிட்டேன். — ச.)

மே 26, ஞாயிறு

எட்டு மணிப் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் செய்யப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகளின் பெயர்தான் வரும். ஓலை என்றதும் சனம் முழங்காலை மாற்றிப் போட்டு, குழந்தைகளை அதட்டத் தொடங்கியது.

ஹென்றி சாமி வாசித்தார். "மணமகன், சந்தியாகு, மனைவியை இழந்தவர், வயது எழுபத்திரண்டு." கோவில் கப்சிப் என்று ஆனது. "மணமகள், சலேத்மேரி, கணவரை இழந்தவர், வயது அறுபது. இவர்கள் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

நடு வரிசையில் செபஸ்தி எழுந்து நின்றான்.

"என்ன செபஸ்தி, தடையா?" என்றார் சாமி.

"தடையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. இன்னும் ரெண்டு ஞாயிறு எதுக்குன்னு கேக்குறேன். ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி முப்பத்திரண்டு வயசாகுது."

பெண்கள் பக்கத்திலிருந்து முதல் சிரிப்பு கேட்டது. டீச்சருடையது. அப்புறம் கோவிலே சிரித்தது. ஹென்றி சாமி ஓலையை மடித்து வைத்துவிட்டு, எல்லாரும் சிரித்து முடிக்கிற வரை பூசையை நிறுத்தி வைத்தார்.